பழைய காருக்குச் சாமான்: கடைத்தெருவிலா, இணையத்திலா?

இந்தியச் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்கள் பலவற்றுக்கு, அவற்றைச் செய்த தொழிற்சாலை இப்போது இல்லை. சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், அதன் வாரிசாக வந்த கெசலும் 1977-க்குப் பிறகு வரவில்லை. மும்பை குர்லாவில் ஃபியட் 1100 ஆகப் பிறந்து, 1970களில் பத்மினி என்று பெயர் மாறிய பிரீமியர் கார் 2000ஐ ஒட்டி முடிந்தது. கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர்தான் கடைசிவரை தாக்குப்பிடித்தது. அதுவும் 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. தொழிற்சாலை மூடியதால் கார் நின்றுவிடுவதில்லை. ஆனால் டீலர் கவுண்டரில் கம்பெனி முத்திரையோடு உதிரி பாகம் வாங்கும் வழி அடைபட்டுவிடுகிறது. அதன்பின் கார் வைத்திருப்பவருக்கு மிஞ்சுவது இரண்டு வழிகள்: ஊரிலுள்ள ஸ்பேர் பார்ட்ஸ் கடைத்தெரு, அல்லது இணையம்.

எந்த வழியில் போனாலும் கிடைக்கும் சரக்கு மூன்று வகைதான். கார் தயாரிப்பில் இருந்த காலத்திலேயே செய்து, விற்காமல் பெட்டியோடு தங்கிப்போனது ஒன்று. கண்டம் ஆன வண்டியிலிருந்து கழற்றியது இன்னொன்று. பழைய அளவுக்கு இப்போது புதிதாகச் செய்தது மூன்றாவது. கடைத்தெருவிலும் இந்த மூன்று உண்டு, இணையத்திலும் உண்டு. ஆகவே கடையா இணையமா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் வராது. எந்தச் சாமான் என்று கேட்டால்தான் வரும். கையில் எடுத்துப் பார்த்து, பழையதோடு வைத்து ஒப்பிட்டு, தேவைப்பட்டால் பட்டறையில் இழைத்துப் பொருத்த வேண்டியவை ஒரு பக்கம். எண் ஒன்றைச் சொன்னாலே உலகின் எந்த மூலையிலிருந்தும் அச்சு மாறாமல் வந்து சேரக்கூடியவை மறு பக்கம். இந்தப் பிரிவினை தெரியாமல் செலவழிக்கும் பணம்தான் பழைய கார் வேலையில் பெரும்பாலும் வீணாகிறது.

சென்னையில் இந்தக் கடைத்தெரு என்றால் எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டை. கழற்றிய சாமான்களுக்குப் பெயர்போன இடம் அது. புதிய ஸ்பேருக்கும் அலங்காரச் சாமான்களுக்கும் அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜி.பி. ரோடு. டெல்லியில் காஷ்மீரி கேட்டும் மாயாபுரியும், கொல்கத்தாவில் மல்லிக் பஜாரும், மும்பையில் குர்லாவும், கொழும்பில் பஞ்சிகாவத்தையும் இதே வேலையைச் செய்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்பு. உள்ளே போனால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு துறை உண்டு. ஒருவர் கியர் பாக்ஸ் மட்டும் வைத்திருப்பார், அடுத்தவர் கண்ணாடி, அதற்கடுத்தவர் டைனமோவும் ஸ்டார்ட்டரும். தன்னிடம் இல்லாத சாமான் யாரிடம் இருக்கும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். பையனை அனுப்பி எடுத்துவரச் சொல்வார். இந்த அறிவு எந்தப் பட்டியலிலும் எழுதி வைக்கப்படவில்லை.

அங்கே முதலில் வரும் கேள்வி "சாம்பிள் கொண்டாந்திருக்கீங்களா அண்ணே?" என்பதுதான். பழைய சாமானைக் கையில் கொண்டுபோகிறவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அம்பாசடர் என்று ஒரே பெயரில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வந்த கார், மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று மாறிக்கொண்டே வந்தது. 1489 சி.சி. பிரிட்டிஷ் வடிவமைப்பு என்ஜினுக்குப் பிறகு 1990களில் இசுசூ என்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் சேர்ந்துகொண்டன. உரிமையாளரின் காரில் இடையில் எந்த மெக்கானிக் எதை மாற்றிப் பொருத்தினார் என்பது ஆர்.சி. புத்தகத்தில் இருக்காது. கார் எந்த ஆண்டுடையது என்பதை வைத்துச் சாமான் கேட்பதைவிட, காரில் இப்போது இருக்கும் சாமானைக் காட்டிக் கேட்பது நிச்சயமானது. இணையத்தால் செய்ய முடியாத முதல் காரியம் இது.

இரண்டாவது காரியம், தேய்மானத்தைக் கையால் உணர்வது. கழற்றிய கியர் பாக்ஸின் தண்டைச் சுழற்றினால் பேரிங் சத்தம் கேட்கும். ஸ்டியரிங் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பினால் ஆட்டம் தெரியும். கார்புரேட்டரின் த்ராட்டில் தண்டை விரலால் அசைத்தால், காற்று ஒழுகும் அளவுக்கு அது தேய்ந்திருக்கிறதா என்று ஒரு நொடியில் புரியும். இணையத்தில் போடும் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஆட்டத்தைக் காட்டாது. ஆகவே சுழல்கிற, உரசுகிற, அசைகிற எந்தக் கழற்றிய சாமானையும் நேரில் பார்க்காமல் வாங்குவது நல்லதல்ல.

இந்தக் கடைத்தெருக்களின் இருப்பு டாக்சிகளோடு பின்னிப் பிணைந்தது. மும்பையில் ஆயிரக்கணக்கான பத்மினிகள் கறுப்பு மஞ்சள் டாக்சிகளாக ஓடிய காலத்தில் கிளட்ச் தட்டும் பிரேக் லைனிங்கும் அன்றாடம் விற்ற சரக்கு. நாள்தோறும் விற்பதால் கடைக்காரர் இருப்பு வைத்தார், சிறு ஆலைக்காரர் தொடர்ந்து செய்தார், விலையும் கட்டுக்குள் இருந்தது. கடைசி பத்மினி டாக்சி பதிவானது 2003 அக்டோபரில். டாக்சிக்கு 20 ஆண்டு வரம்பு என்பதால் 2023 அக்டோபரோடு அந்தக் கூட்டமே சாலையிலிருந்து விடைபெற்றது. இப்போது பத்மினியை ஆசையாக வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கிளட்ச் தட்டு கேட்பதற்காக யாரும் அலமாரியில் இடம் ஒதுக்கப் போவதில்லை. கொல்கத்தாவின் மஞ்சள் அம்பாசடர்களும் அதே பாதையில்தான் குறைந்துவருகின்றன. இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள், அடிக்கடி தேயும் சாமான்களை இப்போதே உள்ளூரில் வாங்கி வைத்துக்கொள்ளச் சரியான காரணம் இது. இணையத்துக்கு நாளை போகலாம். கலையும் கடையில் நாளை வாங்க முடியாது.

பழைய காரில் உள்ள சாமான்களில் கணிசமானவை உண்மையில் கார் சாமான்களே அல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. பேரிங், ஆயில் சீல், வி பெல்ட், நட்டு போல்ட்டு, ஹோஸ், ஸ்பார்க் பிளக் ஆகியவை பொதுவான தொழில்துறைப் பொருள்கள். பால் பேரிங்கின் ஓரத்தில் 6204 என்று பொறித்திருந்தால், அது எந்தக் கம்பெனி செய்ததானாலும் உள்துளை 20 மி.மீ., வெளிவிட்டம் 47 மி.மீ., தடிமன் 14 மி.மீ. இருக்கும். கடைசி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்கினால் உள்துளை வரும் என்பது 04 முதல் மேலே உள்ள எண்களுக்குப் பொருந்தும் கணக்கு. 6205 என்றால் 25 மி.மீ. ஆயில் சீலிலும் உள், வெளி, தடிமன் மூன்றும் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். அரிய வெளிநாட்டுக் காரின் பெயரைச் சொல்லி இணையத்தில் வாங்கினால் பல மடங்கு விலை கேட்கும் பேரிங், அதே எண்ணைச் சொன்னால் ஊரிலுள்ள பேரிங் கடையில் சாதாரண விலைக்குக் கிடைத்துவிடும். எண் அழிந்திருந்தால் வெர்னியர் காலிப்பரால் அளந்தால் போதும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய, போரை ஒட்டிய பிரிட்டிஷ் கார்களில் அங்குல அளவுப் பேரிங்குகள் வரும். அவற்றை மட்டும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

நட்டு போல்ட்டில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஃபியட் வழிவந்த பத்மினியில் மெட்ரிக் மரை. அம்பாசடர், ஹெரால்டு, மாரிஸ் மைனர் போன்றவற்றில் பெரும்பாலும் யூனிஃபைட் எனப்படும் அங்குல மரை. அதற்கு முந்திய பிரிட்டிஷ் கார்களில் விட்வொர்த் மரை. அதன் கோணம் 55 டிகிரி, மற்ற இரண்டிலும் 60 டிகிரி. சேகரிப்பாளர்களிடம் உள்ள எம்.ஜி. டி.சி., டி.டி. கார்களின் என்ஜினில் இதைவிட விசித்திரம்: மரை மெட்ரிக், போல்ட்டின் தலை விட்வொர்த் அளவு. இந்த என்ஜினைச் செய்த மாரிஸ், பிரெஞ்சுக் கம்பெனியான ஹாட்ச்கிஸின் கவென்ட்ரி ஆலையை 1923இல் வாங்கியபோது, அங்கிருந்த மெட்ரிக் எந்திரங்களும் கூடவே வந்தன. ஸ்பேனர் மட்டும் பிரிட்டிஷ்காரர் கையில் இருந்ததாகவே நீடித்தது. அந்த எம்.ஜி. என்ஜினின் 8 மி.மீ. போல்ட்டில் மரை இடைவெளி 1 மி.மீ. இன்று கடையில் பரவலாகக் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டில் 1.25. விட்டம் ஒன்றுதானே என்று அதை முறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும். இத்தகைய போல்ட்டை அந்த என்ஜினையே தொழிலாகக் கொண்ட வெளிநாட்டுக் கடையிலிருந்து இணையத்தில் வரவழைப்பதுதான் சரி.

உள்ளூர்க் கடைத்தெருவின் இன்னொரு பெரிய பலம் அதைச் சுற்றியுள்ள பட்டறைகள். சாமான் கிடைக்கவில்லை என்றால் இருப்பதைச் சரிசெய்து கொடுப்பார்கள். சிலிண்டரை போரிங் செய்து, அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது, முப்பது, நாற்பது பங்கு என்று படிப்படியாகப் பெரிய பிஸ்டன் போடுவது, அதற்கும் இடமில்லாவிட்டால் ஸ்லீவ் இறக்குவது, கிராங்கைக் கடைந்து அதற்கேற்ற பேரிங் போடுவது, டைனமோவுக்குக் காயில் சுற்றுவது, ரேடியேட்டருக்குப் புதிய கோர் கட்டுவது, தேய்ந்த பிரேக் ஷூவுக்கு லைனிங் ஒட்டுவது என எல்லாம் தமிழ்நாட்டில் இன்றும் நடக்கிற வேலைகள். இந்த வசதி தற்செயலாக வந்ததல்ல. சென்னையின் பாடியில் லூகாஸ் டிவிஎஸ்ஸும் பிரேக்ஸ் இந்தியாவும், செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸும் பிரிட்டிஷ் தொழில்நுட்பம் படித்து வளர்ந்த ஆலைகள். இந்த நகரம் அந்தக் கால டைனமோவையும் பிரேக்கையும் பிஸ்டனையும் தானே செய்து பழகியது. வெளிநாட்டிலிருந்து பிஸ்டன் செட்டை இணையத்தில் வரவழைத்தாலும் அதைப் பொருத்த உள்ளூர்ப் பட்டறை வேண்டும். அந்தப் பட்டறைக்காரரிடம் முதலிலேயே பேசி, எந்த அளவு பிஸ்டன் வேண்டும் என்று அவர் அளந்து சொன்ன பிறகே ஆர்டர் போட வேண்டும். வரிசை மாறினால் பிஸ்டன் பெட்டியிலேயே இருக்கும்.

இணையத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பிரிட்டனில் ஒரே ஒரு மாடலுக்கென்றே நடக்கும் ஸ்பேர் கடைகள் உண்டு. மாரிஸ் மைனருக்கு மட்டும், ட்ரையம்ஃபுக்கு மட்டும், எம்.ஜி.க்கு மட்டும் என்று பல பத்தாண்டுகளாக நடப்பவை. அவற்றின் தளங்களில் காரின் ஒவ்வொரு பகுதியையும் பிரித்துப் பரப்பிய வரைபடமும், ஒவ்வொரு திருகுக்கும் பாக எண்ணும், இன்ன சேசிஸ் எண் முதல் இன்ன எண் வரை இது, அதற்குப் பிறகு அது என்ற குறிப்பும் இருக்கும். எதையும் வாங்காமல் அந்த வரைபடத்தைப் பார்த்தாலே பாதி தெளிவு கிடைக்கும். எஸ்.யூ. கார்புரேட்டர்களை அசல் அளவிலேயே இன்றும் இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் உள்ள பர்லன் என்ற நிறுவனம் செய்கிறது. ஊசி, ஜெட், மிதவை எனத் தனித்தனியாகவும், முழு கார்புரேட்டராகவும் வாங்கலாம். என்ஜினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போகிறது என்பதை ஆயிரத்தில் ஓர் அங்குல நுட்பத்தில் தீர்மானிக்கும் ஊசியைக் கழற்றிய சாமான் கடையில் குத்துமதிப்பாக எடுத்துப் போடுவதில் பொருளே இல்லை.

ஹெரால்டின் முன்சக்கரம் இதற்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. அந்தக் காரின் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். ட்ரன்னியன் என்னும் வெண்கலத் துண்டுக்குள் அது திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரைக்குள்தான் தண்டு திரும்புகிறது. அதற்கு கிரீஸ் வைக்கக் கூடாது, 90 தர கியர் ஆயில்தான் விட வேண்டும் என்பது தயாரிப்பாளர் கையேட்டின் விதி. ஆனால் கிரீஸ் துப்பாக்கி கையிலிருப்பதால் பல பட்டறைகளில் கிரீஸையே அடித்துவந்தார்கள். மரையின் இடுக்குகளில் கிரீஸ் இறங்காது, ஈரம் இறங்கும். தண்டு உள்ளுக்குள் அரிக்கப்பட்டு ஒருநாள் ஒடிந்தால் சக்கரம் மடங்கி, கார் சாலையிலேயே முகங்குப்புற விழும். இடப்பக்கத் துண்டும் வலப்பக்கத் துண்டும் எதிரெதிர் மரை கொண்டவை என்பதால் ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது. இதை லேத் பட்டறையில் சாம்பிள் கொடுத்துக் கடைந்துகொள்ளலாம் என்று சொல்பவர் உண்டு. சாம்பிளே தேய்ந்திருக்கும்போது அதைப் பார்த்துச் செய்ததும் தேய்ந்த அளவில்தான் இருக்கும். ஹெரால்டு பிரிட்டனில் ட்ரையம்ஃப் பெயரில் வந்த கார் என்பதால், உயிரைத் தாங்கும் இந்த ஒரு துண்டையும் அதன் தண்டையும் ட்ரையம்ஃப் ஸ்பேர் கடைகளிலிருந்து புதிதாகவே வாங்க வேண்டும். கூரியர் செலவைப் பார்க்கும் இடம் இது அல்ல.

அதே ஹெரால்டின் பின்கதவுக்கு பீடிங் வேண்டுமென்றால் கதை தலைகீழ். பிரிட்டனில் ஹெரால்டு இரண்டு கதவு வண்டி. நான்கு கதவு வடிவம் இந்தியச் சந்தைக்கென்று இங்கேதான் உருவானது. அதன் பின்கதவு, பின்கதவுக் கண்ணாடி, கைப்பிடி, ரப்பர் எதுவும் எந்த பிரிட்டிஷ் கடையின் பட்டியலிலும் இருக்காது. தென்னிந்தியாவில் கண்டம் ஆகி நிற்கும் ஹெரால்டைத் தேடிப் பிடிப்பதே வழி. அம்பாசடரிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. அதன் 1489 சி.சி. என்ஜின், எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் வந்த அதே பி சீரிஸ் குடும்பம் என்பதால் கேஸ்கட்டும் வால்வும் பிரிட்டனிலும் கிடைக்கும். உடல் தகடோ மல்லிக் பஜாரில்தான் கிடைக்கும். அம்பாசடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்திருக்கும் பிரிட்டிஷ்காரர்களே இந்தியாவைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். இலங்கைக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. மாரிஸ் மைனர்களை விடாமல் ஓட்டிவந்த அந்த நாட்டில், அந்தக் காருக்கான தகடுகளைக் கையால் அடித்துச் செய்து பிரிட்டனுக்கே ஏற்றுமதி செய்தார்கள்.

வெளிநாட்டு இணையக் கடையில் திரையில் தெரியும் விலை, கைக்கு வரும் விலை அல்ல. இந்தியச் சுங்கவரி பொருளின் விலை மீது மட்டும் அல்லாமல், அனுப்பும் கூலியும் காப்பீடும் சேர்ந்த மொத்தத்தின் மீது கணக்கிடப்படுகிறது. அடிப்படைச் சுங்கவரி, அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி, இவை எல்லாம் சேர்ந்த தொகையின்மேல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. என்று வரி வரியின்மேல் ஏறும். 100 பவுண்டு பொருளுக்குக் கூரியர் 40 பவுண்டு என்றால் கணக்கு 140-இலிருந்து தொடங்கும். கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் தனி. முதல் முறை வரவழைப்பவரிடம் அடையாள ஆவணங்களும் கேட்பார்கள். சின்னச் சின்னச் சாமானாக ஐந்து முறை வரவழைப்பதைவிட, தேவைகளைப் பட்டியலிட்டு ஒரே பார்சலாக எடுப்பது இதனால்தான் மிச்சம். கனமான பிரேக் டிரம், சம்ப், பம்பர் போன்றவற்றுக்கு எடையே விலையை மிஞ்சிவிடும். பழையதைத் திருப்பி அனுப்பினால் விலையில் கழிவு என்று சொல்லி விற்கும் டைனமோ, ஸ்டியரிங் ரேக் போன்றவை இந்தியாவிலிருந்து வாங்குபவருக்கு ஒத்துவராது. பழையதைத் திருப்பி அனுப்பும் செலவு அந்தக் கழிவை விழுங்கிவிடும். தவறான சாமான் வந்தாலும் அதே நிலைதான். உள்ளூரில் என்றால் பில் இல்லாவிட்டாலும் மறுநாள் அதே கடைக்குப் போய் மாற்றிக்கொள்ள முடிகிறது.

புதிதாகச் செய்தது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கான ரோட்டர் பட்டன் பல ஆண்டுகளாகப் பழைய கார்க்காரர்களின் தலைவலி. உள்ளே உள்ள பித்தளை ரிவிட் நீளமாக இருந்தாலோ, பிளாஸ்டிக்கில் கரி அதிகம் கலந்திருந்தாலோ, மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் நடுத்தண்டு வழியாக வடிந்துவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும் புதுச் சாமான், என்ஜின் சூடானதும் காரை நடுவழியில் நிறுத்திவிடும். இதற்காகவே ரிவிட் இல்லாத ரோட்டர்களைச் செய்து விற்பவர்கள் வந்தார்கள். கண்டென்சரிலும் இதே கதை. இவை ஜி.பி. ரோட்டிலும் கிடைக்கும், இணையத்திலும் கிடைக்கும், இரண்டிலும் போலி உண்டு. பழைய அசல் ரோட்டர் இன்னும் வேலை செய்கிறது என்றால் அதைத் துடைத்துப் பெட்டியில் போட்டு வண்டியிலேயே வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

பெட்டி பிரிக்காத பழைய சரக்குக்கு ஒரு மயக்கம் உண்டு. கண்ணாடி, மீட்டர், கைப்பிடி, கியர், உலோகச் சாமான்கள் என்றால் அந்த மயக்கம் நியாயமானதே. அப்படி ஒரு பெட்டி கடையின் பரணில் கிடைத்தால் விலை பேசாமல் எடுக்கலாம். ரப்பர் என்றால் தொடவே கூடாது. நாற்பது ஆண்டு பெட்டியில் இருந்த பிரேக் வாஷர் பார்க்கப் புதிதாக இருக்கும், ஆனால் ரப்பருக்குப் பயன்பாட்டால் மட்டுமன்றி வயதாலும் சாவு உண்டு. மாஸ்டர் சிலிண்டர் வாஷர், வீல் சிலிண்டர் வாஷர், பிரேக் ஹோஸ் மூன்றும் அண்மையில் செய்தவையாக இருக்க வேண்டும். சிலிண்டர் துருப்பிடித்திருந்தால் பித்தளை அல்லது எவர்சில்வர் ஸ்லீவ் போடுவது கழற்றிய சிலிண்டரை வாங்குவதைவிட மேல். டயரிலும் அப்படியே. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரத்தில் செய்தது. அம்பாசடரின் 5.90-15, பத்மினியின் 5.20-14 போன்ற பழைய அளவு டயர்களை இணையத்தில் வாங்குமுன் இந்த எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

பெட்ரோல் ஹோஸுக்கு இப்போது தனிக் கவனம் தேவைப்படுகிறது. இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எத்தனாலை நினைத்துச் செய்யப்படாத பழைய ரப்பரும், பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும் அதில் ஊறி மெதுமெதுவென்று ஆகி வெடிக்கும். சூடான என்ஜின் மீது பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் ஹோஸை வாங்கும்போது, அதன்மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இதற்குப் பார்சல் தேவையில்லை. ஆனால் எழுத்தே இல்லாத ஹோஸை எந்தக் கடைக்காரர் எவ்வளவு உறுதி கூறிக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இந்தியாவுக்குள்ளேயே சமூக ஊடகங்கள் வழியாகத் தனிநபர்கள் விற்பது இப்போது பெருகியிருக்கிறது. அரிய சாமான்கள் பல இப்படித்தான் வெளிவருகின்றன. எங்கோ ஓர் ஊரில் தாத்தாவின் ஷெட்டைக் காலி செய்பவர், அது என்னவென்றே தெரியாமல் படம் போடுவார். வாங்குபவர் வேறு கோணங்களில் புதிய படம், பாக எண் தெரியும் படம், அளவுகோலை ஒட்டி வைத்த படம் மூன்றும் கேட்க வேண்டும். வேறு யாரோ போட்ட படத்தைத் திருடிப் போட்டவரால் இவற்றை அனுப்ப முடியாது. முன்பணம் முழுவதும் கேட்பவரிடம் சாமான் இருக்கும் ஊரிலுள்ள தெரிந்த மெக்கானிக்கை அனுப்பிப் பார்த்து வாங்கலாம். விற்பவருக்கும் ஓர் எச்சரிக்கை: பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. 'பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் செய்து எண்ணை அழுத்துங்கள்' என்று யாராவது சொன்னால் பணம் போகப்போகிறது என்று பொருள்.

கழற்றிய என்ஜினும் சேசிஸும் மற்றச் சாமான்களைப் போல அல்ல, அவற்றில் எண் இருக்கிறது. திருட்டு வண்டியிலிருந்து வந்த என்ஜினை வாங்கியவரும் வழக்கில் சிக்குவார். எந்த வண்டியிலிருந்து கழற்றியது, அந்த வண்டியின் பதிவு ரத்தானதற்குச் சான்று என்ன என்று கேட்டு, எண்ணைக் குறித்த ரசீதோடுதான் என்ஜினை எடுக்க வேண்டும், பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றத்தைப் பதிய வேண்டும். புதுப்பேட்டையில் பழகிய கடைக்காரர் இந்தத் தாள்களைத் தயங்காமல் தருவார். தயங்குகிறார் என்றால் அங்கே பேரம் பேச ஒன்றுமில்லை.

ஐம்பது வயதைக் கடந்த காருக்கு இது இன்னும் முக்கியமாகிறது. 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், அத்தகைய வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிந்து, 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் பெற வழிசெய்தன. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் கார் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. எளிதாகக் கிடைக்கிறதே என்று டீசல் என்ஜினை ஏற்றிய அம்பாசடரும் ஃபியட்டும் தமிழ்நாட்டில் ஏராளம். அவற்றை மீண்டும் அசலுக்குக் கொண்டுவர நினைப்பவர் தேட வேண்டிய முதல் சாமான், அந்தக் காரோடு பிறந்த பெட்ரோல் என்ஜின்தான். அது பெரும்பாலும் எங்கும் போயிருக்காது. மாற்றிக் கொடுத்த பட்டறையின் மூலையிலோ வீட்டுக் கொல்லையிலோ கிடக்கும். பிளாக்கில் விரிசல் விட்டிருந்தாலும் எடைக்குப் போட்டுவிடக் கூடாது. வெல்டிங்கின் சூடு தாங்காத வார்ப்பிரும்பு விரிசலைக் குளிர்ந்த நிலையிலேயே உலோகத் தையல் போட்டு மூடும் பட்டறைகள் இந்தியாவில் உண்டு. அந்த முறையில் பொறித்த எண் அழியாமல் அதே பிளாக் மறுபடி காரில் ஏறும்.